ஹாம் ரேடியோ லைசென்ஸ்: புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

பள்ளி அறிவியல் கண்காட்சி, கல்லூரி விழா, ரயில் பயணம் என்று எங்கே கையில் ஒரு ரேடியோ செட்டோடு நின்றாலும் யாராவது வந்து கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஹாம் ரேடியோவுக்குள் வர நினைப்பவர்களுக்காக அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பல வருடங்களாக இந்த அலைகளில் இருப்பவன் என்ற முறையில் என் அபிப்பிராயங்களும் நடுவே வரும்.

ஹாம் ரேடியோன்னா என்ன சார்? எஃப்.எம். ஸ்டேஷன் மாதிரியா?

இல்லை. எஃப்.எம்.மில் ஒருவர் பேசுவார், ஊரே கேட்கும். ஹாம் ரேடியோவில் இரண்டு தனி மனிதர்கள், அவரவர் வீட்டில் இருக்கும் கருவி வழியாக, ஒருவரோடொருவர் நேரடியாகப் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் கம்பெனியும் கிடையாது, மாதக் கட்டணமும் கிடையாது. இதற்கென்றே உலகம் முழுக்கச் சில அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அதில் பேச அரசு ஒரு பரீட்சை வைத்து லைசென்ஸ் தருகிறது. கூடவே உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக் குறி, அதாவது கால்சைன், உங்களுக்கு வரும். இந்தியாவில் அது பெரும்பாலும் வியு2 அல்லது வியு3 என்று தொடங்கும்.

நம் நாட்டில் இது நேற்று வந்த விஷயம் அல்ல. 1921லேயே கொல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து, முகுல் போஸ் என்ற இருவர் ஹாம் ஸ்டேஷன் வைத்துப் பேசியிருக்கிறார்கள். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் லைசென்ஸ் பெற்ற ஹாம்தான். அவருடைய கால்சைன் வியு2ஆர்ஜி.

கையில செல்போன் இருக்கு, வாட்ஸ்அப் இருக்கு. இந்தக் காலத்துல இது எதுக்கு?

பேசுவதற்கு மட்டும் என்றால் செல்போன் போதும். ஹாம் லைசென்ஸ் என்பது பேச்சு அனுமதி மட்டும் அல்ல, ரேடியோவை வைத்துச் சோதனை செய்து பார்க்கும் அனுமதி. நீங்களே ஒரு டிரான்ஸ்மிட்டரைச் செய்து, நீங்களே ஆன்டெனா கட்டி, அது எவ்வளவு தூரம் போகிறது என்று காற்றில் விட்டுப் பார்க்கலாம். ஒரு சாதாரணக் குடிமகனுக்குச் சட்டம் இந்த உரிமையைக் கொடுத்திருப்பது பெரிய விஷயம். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் எளிதாகக் கிடைக்கும் உதிரிப் பாகங்களை வைத்து வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற செட், இன்று பல நாட்டு ஹாம்களின் மேஜையில் இருக்கிறது. லைசென்ஸ் கொடுக்கும் சுதந்திரம் எதுவரை போகும் என்பதற்கு அது ஒன்றே போதும்.

அப்புறம், செல்போனுக்கு டவர் வேண்டும், டவருக்குக் கரண்ட் வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் என்ற ஹாம், அபூர்வமான அந்தமான் கால்சைனில் உலக ஹாம்களோடு பேசுவதற்காகத் தன் குழுவோடு போர்ட் பிளேரில்தான் இருந்தார். தொலைபேசி இணைப்புகள் அற்றுப்போன அந்த நாட்களில், பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே செட்கள்தான் தீவுகளில் சிக்கியவர்களின் செய்தியை நிலப்பகுதிக்குக் கொண்டு சேர்த்தன.

லைசென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி சும்மா கேட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். நான் எல்லோருக்கும் முதலில் சொல்வதே இதைத்தான். செட்டும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம், இன்றைக்கு ராத்திரியே கேட்க ஆரம்பியுங்கள். நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு ரிசீவரை இணையத்தில் திறந்துவைத்திருக்கிறது. கம்ப்யூட்டரிலோ போனிலோ அதைத் திறந்து 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மெதுவாகத் திருப்பினால் ஐரோப்பிய ஹாம்கள் பேசுவது கேட்கும். இதேபோல இந்தியாவிலும் பக்கத்து நாடுகளிலும் இருக்கும் ரிசீவர்களையும் கிவிஎஸ்டிஆர் என்று தேடினால் பிடிக்கலாம்.

கொஞ்சம் பணம் போடலாம் என்றால் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற பென்டிரைவ் அளவுக் கருவி இருக்கிறது. லேப்டாப்பில் சொருகி ஒரு கம்பியை ஆன்டெனாவாகப் போட்டால் போதும். தினமும் கொஞ்ச நேரம் கேட்டாலே கால்சைனை எப்படிச் சொல்கிறார்கள், எப்போது விட்டுக்கொடுக்கிறார்கள், எப்படி விடைபெறுகிறார்கள் என்பதெல்லாம் காதில் ஏறிவிடும். பரீட்சை முடித்து மைக்கைப் பிடிக்கும்போது இதன் அருமை தெரியும்.

நான் பி.காம். எலெக்ட்ரானிக்ஸ் சுத்தமா தெரியாது. என்னால பரீட்சை பாஸ் பண்ண முடியுமா?

முடியும். பரீட்சையில் இரண்டு பகுதி. ஒன்று ரேடியோ அறிவு: மின்னோட்டம், ஓம் விதி, ரெசிஸ்டர், கெபாசிட்டர், டிரான்சிஸ்டர், ரிசீவர் வேலை செய்யும் விதம், ஆன்டெனா, அலை பரவும் விதம். மற்றொன்று விதிமுறைகள்: எந்த அலைவரிசை நமக்கு, என்ன பேசலாம் கூடாது, ‘க்யூ’வில் தொடங்கும் சுருக்கக் குறிகளான க்யூ கோடுகள், எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று சொல்லும் முறை, ஆபத்து அழைப்பு வந்தால் என்ன செய்வது. முதல் பகுதியின் அடிப்படை பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டாவது பகுதியில் கணக்கு எதுவும் கிடையாது, படித்தாலே வந்துவிடும்.

படிக்கும்போது ஒன்று செய்யுங்கள். ஓம் விதியை மனப்பாடம் செய்யாமல், ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு எல்இடி, ஒரு ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்து அளந்து பாருங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாமே கிடைக்கும், மற்ற ஊர்களில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிப் பாகக் கடையில் கேளுங்கள். கையால் செய்து பார்த்தது பரீட்சை ஹாலில் மறக்காது.

ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல்னு ரெண்டு இருக்காமே. எதை எழுதறது?

ரெஸ்ட்ரிக்டட் என்பது தொடக்க நிலை. ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. மோர்ஸ், அதாவது எழுத்துகளைக் குட்டை, நீள ஒலிகளாக அனுப்பும் முறை, தேவையில்லை. ஷார்ட் வேவ் அலைவரிசைகளில் 50 வாட் வரை அனுப்பலாம், கால்சைன் வியு3 என்று வரும். ஜெனரலுக்கு ஒவ்வொரு பகுதியிலும் 50, மொத்தத்தில் 55 சதவீதம் வேண்டும். கூடவே மோர்ஸ் சோதனை உண்டு. 400 வாட் வரை அனுப்பலாம், கால்சைன் வியு2.

மோர்ஸ் தெரியாதென்றால் யோசிக்காமல் ரெஸ்ட்ரிக்டட் எழுதுங்கள். 50 வாட் என்பது குறைச்சல் இல்லை. நல்ல ஆன்டெனா இருந்தால் 50 வாட்டில் ஐரோப்பா, ஜப்பான் எல்லாம் பேசலாம். ‘ஜெனரலாகவே எழுதிவிடுகிறேன்’ என்று சொல்லி வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வருடங்களில் அவர்கள் காற்றில் இருந்திருக்கலாம்.

மோர்ஸ் இன்னும் தேவையா? கப்பல்லயே எடுத்துட்டாங்களே!

ஜெனரல் லைசென்ஸுக்குத் தேவை: நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். சர்வதேச அளவில் இந்தக் கட்டாயம் 2003இல் தளர்த்தப்பட்டது. பல நாடுகள் எடுத்தும் விட்டன.

கட்டாயத்தை விடுங்கள். மோர்ஸைக் கற்றுக்கொள்ள உண்மையான காரணம் வேறு. பேச்சு இரைச்சலில் மூழ்கிப்போகும் இடத்தில் மோர்ஸ் தெளிவாகக் கேட்கும். கையளவு பெட்டியில், 5 வாட் சக்தியில், கடல் கடந்து பேசலாம். கற்கும்போது புள்ளி, கோடு என்று தாளில் எழுதிப் படிக்காதீர்கள். ‘டி-டா’ என்ற ஓசையை அப்படியே ‘ஏ’ என்று காது பிடிக்க வேண்டும். தாளில் படித்தவர்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்கள், அதற்குள் அடுத்த மூன்று எழுத்து ஓடிவிடும்.

எங்க அப்ளை பண்ணணும்? எவ்வளவு செலவாகும்?

மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் டபிள்யூபிசி என்ற பிரிவு இதைப் பார்க்கிறது. விண்ணப்பம் சரள் சஞ்சார் இணையதளம் வழியாக. பரீட்சையை வயர்லெஸ் கண்காணிப்பு நிலையங்கள் நடத்துகின்றன. சென்னையில் அது பெருங்குடியில் இருக்கிறது. பரீட்சைக் கட்டணம் 100 ரூபாய். லைசென்ஸ் 20 வருடத்துக்கு 1,000 ரூபாய், ஆயுளுக்கு 2,000 ரூபாய். பணம் கட்டும் முன் தளத்தில் அன்றைய கட்டணத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: பரீட்சையில் தேர்ச்சி பெற்றால் கிடைப்பது சான்றிதழ்தான். லைசென்ஸும் கால்சைனும் அதற்குப் பிறகு தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டியவை. கால்சைன் கையில் வரும்வரை அனுப்பும் பட்டனை அழுத்தக் கூடாது. அந்தக் காத்திருப்பு நேரத்தில் ஆன்டெனா கட்டுங்கள், கேளுங்கள். சென்னையில் மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி இருக்கிறது. வேறு ஊர்களிலும் சிறு குழுக்கள் உண்டு. விண்ணப்பத்தில் எங்கே என்ன நிரப்புவது என்று அண்மையில் லைசென்ஸ் வாங்கிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. அவளும் எழுதலாமா?

12 வயது முடிந்திருந்தால் எழுதலாம். மேல் வரம்பு கிடையாது. தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து படித்துச் சேர்ந்து எழுதுவது இந்தப் பரீட்சையில் நடக்கக்கூடிய ஒன்று. குழந்தைகளுக்கு விதிமுறைப் பகுதிதான் சலிப்பாக இருக்கும். க்யூ கோடையும் ஆல்ஃபா, பிராவோவையும் வீட்டில் விளையாட்டாகப் பேசிப் பழக்குங்கள். பெயரைக் கேட்டால் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லுங்கள், ஒரு வாரத்தில் நம்மைவிட வேகமாகச் சொல்வார்கள்.

ஆன்லைன்ல ரெண்டாயிரம் ரூபாய்க்கு வாக்கிடாக்கி கிடைக்குது. வாங்கி வெச்சுக்கிட்டா என்ன தப்பு?

தப்புதான். ஹாம் அலைவரிசையில் அனுப்பக்கூடிய செட்டை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அந்த மலிவு செட்களில் பல, நமக்கான அலைவரிசையோடு நிற்பதில்லை; காவல்துறை, மற்ற சேவைகளின் அலைவரிசையிலும் போய் அனுப்பிவிடும். விளையாட்டாகப் பட்டனை அழுத்தியவரால் யாருடைய அவசரப் பேச்சு தடைபட்டது என்று அவருக்கே தெரியாது. இணையக் கடைகளில் இப்படி விவரம் சொல்லாமல் விற்பதைத் தடுக்க 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி வழிகாட்டுதல்களே கொண்டுவந்தது.

கல்யாண மண்டபத்திலோ தோட்டத்திலோ பேசிக்கொள்ள வாக்கிடாக்கி வேண்டும், அவ்வளவுதான் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில், முறையான அனுமதி பெற்ற கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பெட்டியில் அந்த அலைவரிசையும் அனுமதி எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சரி, லைசென்ஸ் வந்தாச்சு. முதல் செட் என்ன வாங்கலாம்?

உங்கள் ஊரில் ரிப்பீட்டர் எட்டுகிறதா என்று முதலில் உள்ளூர் ஹாமிடம் கேளுங்கள். ரிப்பீட்டர் என்பது உயரமான இடத்தில் வைத்த நிலையம்; உங்கள் சின்ன செட்டின் குரலை வாங்கி, பெரிய பரப்புக்கு மறுபடி அனுப்பும். எட்டினால் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில் பேசும் ஒரு கைச் செட் நல்ல ஆரம்பம்.

எட்டவில்லையென்றால் கைச் செட்டில் காசைப் போடாதீர்கள். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாமல் இரண்டு நாள் ‘கேட்கிறதா?’ என்று கூப்பிட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிடுவீர்கள். அதற்குப் பதில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு செட் தேடுங்கள். பழைய ஹாம்கள் பயன்படுத்திய செட் விலைக்கு வரும், பிட்எக்ஸ் வகை செட்டை நீங்களே பொருத்திக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் இறக்குமதி அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பொருள் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றால் சுங்கத்தில் நின்றுவிடும்.

ஆன்டெனாவுக்குப் பெரிய டவர் கட்டணுமா? வாடகை வீடு எங்களுக்கு.

வேண்டாம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டைபோல் போதும், அது வெறும் இரண்டு கம்பி. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1க்கு வகுத்தால் ஏறக்குறைய 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் செப்புக் கம்பியே போதும். நடுவில் ஒரு பிவிசி குழாய்த் துண்டு, அதில் இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொடாமல் வந்து நிற்கும் இடத்தில் செட்டுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளைப் பற்றவைத்து, ஈரம் புகாமல் டேப் சுற்றுங்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு கழி நட்டு நடுப்பகுதியை ஏற்றி, இரண்டு முனைகளையும் நைலான் கயிற்றில் சாய்வாக இழுத்துக் கட்டினால் தலைகீழ் ‘வி’ வடிவில் நிற்கும். கம்பியை முதலில் ஒரு சாண் நீளமாகவே விடுங்கள். ஆன்டெனா செட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்த்து இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மடித்துக்கொண்டே வந்தால், முள் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அந்த நேரத்தில் வரும் சந்தோஷம் கடையில் வாங்கிய ஆன்டெனாவில் வராது.

அனுப்பும்போது முனைகளில் மின்னழுத்தம் அதிகம், துணி காயப்போடுபவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் போகவே கூடாது. சித்திரை வைகாசி இடி மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் செட்டிலிருந்து கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். வீட்டுக்காரரிடம் ‘டவர்’ என்று சொல்லிப் பயமுறுத்தாமல், கம்பியைக் கையில் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்.

எவ்வளவு தூரம் பேசலாம்? ஒரு நாள் மதுரை கேக்குது, ஒரு நாள் கேக்கலையே?

கைச் செட்டின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். நடுவில் கட்டடமோ மலையோ இருந்தால் தடைபடும், சில கிலோமீட்டரோடு நின்றுவிடும். ஆனால் கடலோரத்தில் வேறு கதை. 1980களில் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் உயரமாக ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாஹினி பார்த்தவர்களுக்கு இது தெரியும். கடலுக்கு மேல் வெப்பக் காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்காக அமையும் நாட்களில் அலை அந்த அடுக்குக்குள்ளேயே வளைந்து வெகுதூரம் போய்விடும்.

7 மெகாஹெர்ட்ஸ் அலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்கும். பகலில், தாழ்வாகக் கட்டிய டைபோலில், அது கிட்டத்தட்டச் செங்குத்தாகப் போய்த் திரும்புவதால் சில நூறு கிலோமீட்டருக்குள் எல்லா ஊரும் கேட்கும். தென்மாநிலங்களின் காலை நேர அரட்டைகள் இதனால்தான் இந்த அலைவரிசையில் நடக்கின்றன. இருட்டிய பிறகு அயனி மண்டலம் மெலிந்து, செங்குத்தாகப் போன அலை திரும்பாமல் போய்விடும். சாய்வாகப் போனது மட்டும் வெகுதூரம் தள்ளி இறங்கும். அப்போது மதுரை மறைந்து மாஸ்கோ கேட்கும். இதற்கு மேல், அயனி மண்டலத்தைக் கூட்டிக் குறைக்கும் சூரியனின் 11 வருடச் சுழற்சி வேறு. எனவே கேட்கவில்லையென்றால் செட்டைத் திறக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

மைக்கைப் பிடிச்சா வாயே வரமாட்டேங்குது. என்ன பேசறது?

பரீட்சையைவிட இதுதான் பெரிய தடை. லைசென்ஸ் வாங்கி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். முதல் நாள் கூப்பிட்டுப் பார்க்க வேண்டாம். காலையில் பலர் சேர்ந்து பேசும் நெட்டுக்குப் போங்கள். நடத்துபவர் ‘வேறு யாராவது இருக்கிறீர்களா?’ என்று இடைவெளி விடுவார். பட்டனை அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, கால்சைனை மட்டும் எழுத்து எழுத்தாகச் சொல்லிவிட்டுக் கையை எடுங்கள். அவர் உங்களைப் பெயர் கேட்டுக் கூப்பிடுவார். பெயர், ஊர், அவர் குரல் எப்படிக் கேட்கிறது, என்ன ஆன்டெனா. இந்த நான்கும் சொன்னால் ஒரு முழு உரையாடல் முடிந்தது. விடைபெற ‘செவன்ட்டி த்ரீ’ என்று சொல்வது உலக வழக்கம், ‘வாழ்த்துகள்’ என்று பொருள். முதல்முறை பேசுகிறேன் என்று சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர்கள் தங்கள் முதல் நாளை மறக்காதவர்கள், பொறுமையாக இழுத்துக்கொண்டு போவார்கள்.

தமிழ்ல பேசலாமா? வேற என்னவெல்லாம் பேசக் கூடாது?

தாராளமாகத் தமிழில் பேசலாம். கால்சைனை மட்டும் உலக வழக்கப்படி சொல்லுங்கள். வியாபாரம் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது. லைசென்ஸ் இல்லாத மூன்றாம் நபருக்காகச் செய்தி கடத்துவதும் சாதாரண நாட்களில் கூடாது, பேரிடரில் மட்டும் அதற்கு இடம் உண்டு. ‘என் கால்சைன்ல என் மனைவி பேசலாமா?’ என்றும் கேட்கிறார்கள். கூடாது. அவரையும் பரீட்சை எழுதச் சொல்லுங்கள், வீட்டிலேயே படிப்புக்கு ஆள் இருக்கிறது.

விண்வெளி நிலையத்துல இருந்து பேசறதைக் கேக்கலாமாமே? உண்மையா?

உண்மை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம் ரேடியோ இருக்கிறது. 145.800 மெகாஹெர்ட்ஸில் அது நம் ஊரைக் கடக்கும்போது கேட்கலாம். ஒரு கடப்பு அதிகம் போனால் பத்து நிமிடம். எப்போது கடக்கும் என்று போன் ஆப்களே சொல்லும். சில நாட்களில் அங்கிருந்து படங்களையும் ஒலியாக அனுப்புவார்கள். போனில் ரோபோ36 என்ற ஆப்பைத் திறந்து, ரேடியோ ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தால், ஒரு படம் வரி வரியாக இறங்கி முடிய இரண்டு நிமிடம் ஆகும். பள்ளி மாணவர்களுக்கு இதைக் காட்டுங்கள். அதன் பிறகு மேலே சொன்ன 12 வயதுக் கேள்வியை அவர்களே கேட்பார்கள்.

இந்தியாவும் 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்சாட் என்ற செயற்கைக்கோளை ஹாம்களுக்காகவே அனுப்பியது. அது 2014 வரை உழைத்தது.

இலங்கை, சிங்கப்பூர் போனா இதே லைசென்ஸ் செல்லுமா?

தானாகச் செல்லாது. அந்தந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் செட்டைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். அங்கேயே வாழும் தமிழர்கள் அங்குள்ள பரீட்சையை எழுத வேண்டும். அலையில் 4எஸ்7 என்று கேட்டால் இலங்கை, 9வி1 என்றால் சிங்கப்பூர், 9எம்2 என்றால் மேற்கு மலேசியா.

புயல், வெள்ளம்னா ஹாம் எல்லாம் உடனே களத்துல இறங்கலாமா?

செட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதல்ல உதவி. 2015 சென்னை வெள்ளத்தில் ஹாம்கள் உதவினார்கள் என்றால், அதற்கு முன்பே ஒருவரையொருவர் தெரிந்து, ஒன்றாகப் பழகியிருந்ததுதான் காரணம். புயல் நாளில் முதல் கடமை கேட்பது. ஒருங்கிணைக்கும் நிலையம் ஒன்று இருக்கும், அது கேட்காமல் அலைவரிசையை அடைக்கக் கூடாது. செய்தி வந்தால் உங்கள் வார்த்தையில் சுருக்காமல், யார் யாருக்கு, எத்தனை மணிக்கு என்பதோடு உள்ளபடியே எழுதி, திருப்பிப் படித்துக் காட்டி, பிறகுதான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ‘பத்துப் பேருக்கு மருந்து வேண்டும்’ என்பது வழியில் ‘பத்து மருந்து’ ஆகிவிட்டால் படகு வீணாகப் போய்வரும்.

இதற்கு மழைக்காலத்துக்கு முன்பே பழக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு மெயினை அணைத்துவிட்டு, யூபிஎஸ்ஸில் இருக்கும் மாதிரியான 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 5 வாட் செட்டை ஓட்டிப் பாருங்கள். கேட்பதற்கு அது வெகுநேரம் தாங்கும், அனுப்பும்போதுதான் குடிக்கும். எத்தனை மணி நேரம் தாங்குகிறது, டார்ச் வெளிச்சத்தில் உங்களால் செய்தி எழுத முடிகிறதா, எந்த கனெக்டர் தளர்ந்திருக்கிறது என்பதையெல்லாம் நோட்டில் குறித்து, அடுத்த நெட்டில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.